மிஸ்டர் ஸ்டைன்பாக்கின் ஊர் மண்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. யாரைக் கண்டாலும் அவருடைய ஊரைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெயரை மறந்துவிடுவேன், முகத்தை மறந்துவிடுவேன், ஊரை மறக்கமாட்டேன். (எங்கட ஆக்களில் பாதிப்பேருக்கு இது இருக்கு. மிச்சப் பாதி தங்களுக்கு இல்லை எண்டு சொல்லுவினம், நம்பாதையுங்கோ.) மொன்றியலில் செயின்ட்-மிஷேல் மெட்ரோ வாசலில் ஒருவர் "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் "நீங்கள் எவடம்?" என்று கேட்டுவிடுவேன். அவர் ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்காலேயா மேற்காலேயா, அங்கே இன்னாரைத் தெரியுமா என்று தொடர்ந்து, மூன்றாவது நிமிடத்தில் அவரை எனக்கு ஒன்றுவிட்ட ஏதோவொன்றாக ஆக்கிவிடுவேன். அவருக்கு அதில் சம்மதமா என்று கேட்டதில்லை.

பெரும்பாலும் இதனால் யாருக்கும் சேதமில்லை. ஒரேயொரு தடவை, ஊரே இல்லாத ஒரு மனிதருக்கு நான் ஊர் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதனால் என் மனைவி கனடாவுக்கு வருவது மூன்று மாதம் பிந்தியது. இந்தத் தகவலை அவள் இன்றுவரை ஒருவரிடமும் மறைத்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. எனக்கு இருபத்தெட்டு வயது. மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட, நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்திருந்தது. கப்பலில் வரும் கொண்டெய்னர்களை அங்கே திறந்து, சாமான்களை இறக்கி, லொறிகளில் ஏற்றி அனுப்புவோம். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் இரத்தினம் அண்ணை. செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் நிலவறையில் நானும் அவரும்தான் குடியிருந்தோம். பண்டகசாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். எனக்குக் கொடுத்த வேலை மண் பார்ப்பது.

விளையாட்டில்லை, அதுதான் வேலை. வெளிநாட்டு மண் ஒரு பிடிகூட இந்த நாட்டுக்குள் வரக்கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத புழுவும் நோயும் இருக்கும், இங்கே பயிர்பச்சையெல்லாம் கெட்டுப்போகும் என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டிப் படிப்பித்திருந்தார்கள். கொண்டெய்னரின் கதவு திறந்ததும் நான் டோர்ச் லைட்டோடு உள்ளே நுழைவேன். மூலைகளைப் பார்ப்பேன். சாமான்கள் அடுக்கி வரும் மரப் பலெட்டுகளைப் புரட்டி அடியில் பார்ப்பேன். சுண்டுவிரல் நகத்தளவு மண் ஒட்டியிருந்தாலும் மஞ்சள் அட்டையைக் குத்திவிட்டு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அரசாங்கத்திலிருந்து பரிசோதகர் வந்து பார்ப்பார். இதை நீங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும். நான்தான் வைத்திருக்கவில்லை.

முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிகிற நாளில் முகாமையாளர் கூப்பிட்டு இருத்தி, ஒரு தாளைப் பார்த்து வாசித்து, நிரந்தரம் அல்லது நன்றி, போய்வாருங்கள் என்பார். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்லப்பட்டிருந்தது.

எனக்கோ நிரந்தரம் கட்டாயம் தேவை. முந்திய வருடம்தான் கொழும்புக்குப் போய் வசந்தியைக் கல்யாணம் கட்டிவிட்டு, அவளை வெள்ளவத்தையில் அவளுடைய மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளை இங்கே கூப்பிடுவதற்குப் படிவம் நிரப்பித் தந்த மனிதர், "நிரந்தர வேலைக் கடிதம் ஒண்டு வைச்சால் ஃபைல் பலமாயிருக்கும். அது வரட்டும், பேந்து போடுவம்" என்று எல்லாவற்றையும் ஒரு பச்சை உறையில் போட்டு மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் தொலைபேசி அட்டை வாங்கி வசந்திக்கு எடுப்பேன். "சாப்பிட்டீங்களோ?" என்பாள். ஓம் என்பேன். "கடிதம் வந்திட்டுதோ?" என்பாள். அதற்குப் பிறகு எனக்கு ஓம் சொல்ல ஒன்றும் இருக்காது.

கடிதம் தரவேண்டியவர் முகாமையாளர் மிஸ்டர் ஸ்டைன்பாக். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஒல்லி, உயரம், சாம்பல் நிறச் சுவெட்டர். காலையில் வந்து கதவைச் சாத்தினால் மத்தியானம் சாண்ட்விச் சாப்பிடும்போதும் பின்னேரம் நாங்கள் புறப்படும்போதும்தான் திறக்கும். கோபித்ததும் இல்லை, சிரித்ததும் இல்லை. அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கதவில் எழுதியிருந்த பெயர் மட்டும்தான். பதினைந்து வருடம் அங்கே வேலை செய்த இரத்தினம் அண்ணைக்குக்கூட அந்த மனிதருக்குப் பெண்சாதி பிள்ளை உண்டா என்று தெரியாது. அதைவிட மோசம், ஊர் தெரியாது. எனக்கு இது ஐந்து மாதமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போது ஜெர்மனியிலிருந்து அக்கா ஒரு பார்சல் அனுப்பினாள். அவளும் பாலன் அத்தானும் வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். புது முகவரியைப் பார்சலின் பின்புறத்தில் எழுதியிருந்தாள். வீதிப் பெயர், இலக்கம், அதற்குக் கீழே ஊர்ப்பெயர்: ஸ்டைன்பாக்.

நான் நின்ற நிலையில் ஒரு சத்தம் போட்டேன். குளித்துக்கொண்டிருந்த இரத்தினம் அண்ணை துவாயோடு ஓடி வந்தார்.

"என்னடா, ஆருக்கும் ஏதுமோ?"

"அண்ணை, ஸ்டைன்பாக்கின்ர ஊர் பிடிபட்டிட்டுது!"

அண்ணை பார்சலை வாங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட வாசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "தம்பி, உனக்கு வேலை நிரந்தரம். உன்ர அக்கா இருக்கிற ஊர்தான் அந்தாளின்ர ஊரெண்டால் விடுவாரே?"

இருவருக்கும் இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒருவர் பெயரில் ஊர் இருந்தால் அது அவருடைய ஊர். பக்கத்துக் கொம்பனியில் வேலை செய்த தமிழ்நாட்டுப் பொடியன் ஒருத்தன்கூடத் தன் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தான். இவர் முதலெழுத்தோடு நிற்காமல் முழு ஊரையும் பின்னால் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மனிதருக்கு ஊர்ப்பற்றுக் கூட என்று முடிவு கட்டினோம்.

அன்றைக்கே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்காக அவர் மொன்றியல் வர இருந்தார். பாலன் அத்தானிடம் ஒரு சின்ன உதவி கேட்டால் பெரிய உதவியாகச் செய்வார். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டச் சொன்னால் தோட்டத்தையே கொண்டுவந்து நடுகிற ரகம். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. அந்தாளின்ர பரம்பரையையே தோண்டி எடுக்கிறன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவரே எடுத்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"நேசன், இஞ்ச டெலிபோன் புத்தகம் முழுக்கத் தட்டிப் பாத்தன். ஸ்டைன்பாக்கில ஒரு ஸ்டைன்பாக்கும் இல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒரு குஞ்சும் இல்லை. பேக்கரிக்காரனிட்டையும் கேட்டன். அப்பிடி ஒரு குடும்பம் தனக்குத் தெரிய இருந்ததேயில்லை எண்டு சொல்லுறான்." பெருமூச்சு விட்டார். "உலகச் சண்டைக்குள்ள குடும்பமே முடிஞ்சிருக்கும் போல."

அந்தச் சாத்தின கதவுக்கும், சிரிக்காத முகத்துக்கும், சாம்பல் நிறச் சுவெட்டருக்கும் காரணம் இதுதானா! ஊர் பூராவும் தன் பெயராக இருந்தும் ஊரில் தன் பெயர் சொல்ல ஆளில்லாமல் போன மனிதர். இவரையா உம்மணாமூஞ்சி என்று நாங்கள் இத்தனை நாளும் சொன்னோம்? சீ, என்ன மனிதன் நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரத்தினம் அண்ணையும் அன்று இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று வாரமும் நான் மிஸ்டர் ஸ்டைன்பாக்கைச் செத்த வீட்டுக்காரராக நடத்தினேன். அவர் எதிரே வந்தால் சிரிப்பை நிறுத்திவிடுவேன். பார்வையைத் தாழ்த்தி, தலையை ஒரு பக்கம் சரித்து நிற்பேன். வேலை முடிந்து போகும்போது எல்லாரும் அவருடைய கதவடியில் "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் சொல்வதை விட்டுவிட்டேன். எங்களில் செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது "போட்டு வாறன்", அதாவது போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. எழும்பிச் சத்தம் போடாமல் போய்விட வேண்டும். அதுதான் மரியாதை. அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல், ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு அவருடைய கதவைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனேன். ஒருநாள் அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மெதுவாக எழும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தான் வந்து இறங்கினார். கல்யாணம் முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு எனக்குத் தீர்ப்பு நாள். அத்தான் கொண்டுவந்ததையெல்லாம் நிலவறையில் பரப்பி வைத்தார். ஸ்டைன்பாக் என்று எழுதிய ஊர் எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் அத்தானும் அக்காவும் பிள்ளைகளும் நிற்கிற படம், சட்டம் போட்டு. ஊர் ஓடையில் பொறுக்கிய, தேங்காய்ப் பாதியளவு கல் ஒன்று. கடைசியாக, முன்பு ஊறுகாய் இருந்த ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையக் கறுத்த, ஈரமான மண்.

"தேவாலயத்தடியில எடுத்தனான்" என்றார். "சொந்த மண்ணடா. இதைக் கண்டால் கல்லும் கரையும்."

"ஓம் அத்தான்" என்றேன். ஆறு மாதமாகப் பலெட்டுக்குப் பலெட் மண் தேடிய கண்ணால் அந்தப் போத்தலைப் பார்த்தேன். எனக்கு அது மண்ணாகவே தெரியவில்லை. ஊர் மண்ணை யாராவது மண் என்று நினைப்பார்களா? இரத்தினம் அண்ணை மட்டும் போத்தலைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "மூடியை இறுக்கமாப் பூட்டுங்கோ, கொட்டுண்டிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அத்தானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டு, அதே கழுத்துப்பட்டி. கோட்டின் மேல் பையில் கல்யாண வீட்டுப் பூகூட இருந்தது. "நான் அவற்ற பாஷையில கதைச்சால்தான் எடுபடும்" என்றார். இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினோம். உள்ளே மிஸ்டர் ஸ்டைன்பாக்குக்கு எதிரே ஓர் அம்மா இருந்தார். நீல அங்கி, மடியில் கோப்பு. அரசாங்கப் பரிசோதகர். காலையில் நானே மஞ்சள் அட்டை குத்திய கொண்டெய்னரைப் பார்க்க வந்து, கையெழுத்துக்காக இருந்தார். இப்போது எண்ணிப் பார்த்தால், திரும்பிப் போவதற்கு எனக்கு முழுசாக ஒரு நிமிடம் இருந்தது. நான் அதைப் போத்தலை மேசையில் வைப்பதற்குப் பயன்படுத்தினேன்.

கல்லையும் வைத்தேன். படத்தை அத்தான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உணர்ச்சி பொங்க ஜெர்மன் மொழியில் பேசத் தொடங்கினார். இரண்டு நிமிடமாவது பேசியிருப்பார். நடுவில் ஒரு தரம் குரல் உடைந்தது. (பேந்து கேட்டன். "உங்கள் ஊர் உங்களை மறக்கவில்லை" எண்ட இடமாம்.)

மிஸ்டர் ஸ்டைன்பாக் அவர் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இவர் பேசியது ஜெர்மனா?"

"ஆம் சேர். உங்கள் மொழி."

"எனக்கு ஜெர்மன் தெரியாது."

அத்தான் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

பரிசோதகர் அம்மாவின் கண் போத்தலை விட்டு நகரவில்லை. "இது என்ன?" என்று பிரெஞ்சு வாடையடித்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"மண், மேடம்" என்றேன். சொன்ன பிறகும் எனக்கு ஓடவில்லை. "சாதாரண மண் இல்லை. ஸ்டைன்பாக் மண். சேருடைய சொந்த ஊர். ஜெர்மனியிலிருந்து வந்தது."

"எப்படி வந்தது?"

இதற்கு அத்தான் முந்திக்கொண்டார். தன் உழைப்புக்கு இப்போதாவது ஒரு கேள்வி வந்ததே என்ற சந்தோஷம். "சூட்கேஸில், மேடம்! காலுறைக்குள் சுற்றி வைத்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை!"

வெளியே இரத்தினம் அண்ணையின் ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வருகிற பீப், பீப் மட்டும் கேட்டது. மிஸ்டர் ஸ்டைன்பாக் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவரில் பெரிய எழுத்தில், படம் போட்டு, வெளிநாட்டு மண்ணைக் கண்டால் செய்யவேண்டியவை எழுதி ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவன் நான். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஐயோ கடவுளே, மண்!

பரிசோதகர் அம்மா கையுறை போட்டுக்கொண்டார். போத்தலை ஒரு பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் இட்டுக் கட்டினார். படிவம் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"பொருள்: மண். எங்கிருந்து?"

"ஸ்டைன்பாக்" என்றேன்.

"யாருக்கு?"

"ஸ்டைன்பாக்குக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் வேலை நேரத்தில் விளையாடுவதில்லை, மொன்சியூர்."

மிஸ்டர் ஸ்டைன்பாக் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். அம்மா அதை வாசித்து, அத்தான் நெஞ்சில் பிடித்திருந்த ஊர்ப் பலகையை வாசித்து, மறுபடி அனுமதிப் பத்திரத்தை வாசித்து, பேசாமல் எழுதி முடித்தார். அத்தானுக்குப் பத்து நிமிடம் நல்ல புத்தி சொன்னார். அத்தான் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் "வி, மேடம்" என்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சே அந்த "ஆம்" ஒன்றுதான். கல்லை அம்மா ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தார். சுத்தமாகக் கழுவியிருந்தபடியால் விட்டுவிட்டார். மண்ணை எரிப்பதற்குக் கொண்டுபோனார். தேவாலயத்தடி மண் அப்படிப் போய்ச் சேர்ந்தது.

அத்தானை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு மிஸ்டர் ஸ்டைன்பாக் என் தாளை எடுத்தார். வசந்தி அந்த வெள்ளவத்தை வீட்டிலேயே கிழவியாகிவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நேரத்துக்கு வருவது: நன்று" என்று வாசித்தார். "சக ஊழியரோடு பழகுவது: நன்று. மண் சோதனை..." நிறுத்தினார். காலையில் அந்த இடத்தில் "மிகமிக நன்று" என்று எழுதியிருந்தார். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. பேனாவை எடுத்து ஒரு கோடு கிழித்தார். "கடைசியாக ஒன்று. மூன்று வாரமாக நீர் மாலையில் சொல்லாமல் போகிறீர். என் கதவடியில் நின்று முறைத்துப் பார்த்துவிட்டுப் போகிறீர். என்மேல் என்ன கோபம்?"

"கோபமில்லை சேர். மரியாதை. எங்களில் செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை."

"யார் செத்தது?"

"உங்கள் ஊர், சேர்."

மிஸ்டர் ஸ்டைன்பாக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்காவின் பார்சல், டெலிபோன் புத்தகம், ஒரு ஸ்டைன்பாக்கும் இல்லாத ஸ்டைன்பாக், பேக்கரிக்காரன். அவர் எழும்பிப் போய், கொண்டெய்னர் எங்கெங்கே இருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு வைத்திருந்த பருத்த வரைபடப் புத்தகத்தை எடுத்தார். பின்பக்கத்தில் ஊர்ப்பெயர் வரிசை. விரலை வைத்துக் காட்டினார். ஸ்டைன்பாக், ஸ்டைன்பாக், ஸ்டைன்பாக் என்று கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியில் அங்கொன்று இங்கொன்று, ஆஸ்திரியாவில் சில. கனடாவிலேயே, மானிட்டோபாவில் ஒன்று இருந்தது.

"ஸ்டைன் என்றால் கல். பாக் என்றால் ஓடை. கல் கிடக்கிற ஓடைக்குப் பக்கத்தில் நாலு வீடு இருந்தால் அது ஸ்டைன்பாக். இதில் எந்த ஓடை என்று என் தாத்தாவுக்கே தெரியாது. அவர் ரஷ்யாப் பக்கமிருந்து வந்தவர். அவருடைய ஆட்கள் அங்கே வேறெங்கிருந்தோ போனவர்கள். நான் பிறந்தது இங்கே, வெர்டனில். ஜெர்மனிக்கு ஒருநாளும் போனதில்லை."

"ஆனால் எங்கள் ஸ்டைன்பாக்கில் ஒருவருக்கும் அந்தப் பெயர் இல்லையே சேர்?"

"எப்படி இருக்கும்? அந்த ஊரில் எல்லாரும்தானே அந்த ஊர்க்காரர். பெயர் வைத்து என்ன பிரயோசனம்? ஒருத்தன் அதைவிட்டு வேறிடத்துக்குப் போனால்தான் அங்கே இருக்கிறவர்கள் அவனை 'அந்த ஸ்டைன்பாக்காரன்' என்பார்கள். விட்டுவிட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப்பெயர் வரும்."

நான் வாயைப் பிளந்தபடி இருந்தேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஊரில் ஒருவரையும் நாங்கள் எங்கள் ஊர்ப்பெயரால் கூப்பிட்டதில்லை. அங்கே கல்யாணம் கட்டி வந்தவர்களைத்தான் அவர்கள் விட்டுவந்த ஊரைச் சொல்லிக் கூப்பிட்டோம். ஒரு கரவெட்டியாரும் ஒரு வேலணையாரும் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். ஜெர்மன்காரன் என்றதும் அந்த மூளை எங்கே போனது?

"உமக்கு எந்த ஊர்?" என்று அவர் கேட்டார். ஆறு மாதத்தில் அந்தப் பண்டகசாலையில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"யாழ்ப்பாணம், சேர். வடக்குப் பக்கம். புளியடி."

"அதற்கு என்ன அர்த்தம்?"

"புளியமரத்துக்குக் கீழே."

"அந்தப் பெயரில் ஒரே ஊர்தானா?"

நான் வரைபடப் புத்தகத்தையே பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் புளியமரம் நின்ற இடமெல்லாம் புளியடி. எங்கள் பக்கத்து ஊரில்கூட ஒரு புளியடி இருந்தது. அவர் புரிந்துகொண்டு புத்தகத்தை மூடினார்.

"அங்கே போய்வருவீரா?"

"இல்லை சேர். ஆமி இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள். பதின்மூன்று வருடம்."

மூன்று வாரமாக அந்தக் கதவடியில் நின்று கண்கலங்கியது எல்லாம் யாருக்காக என்று அப்போதுதான் பிடிபட்டது. வெட்கமாக இருந்தது. அவர் கல்லை எடுத்து ஒரு தரம் கையில் நிறை பார்த்தார், பறக்கிற தாள்களுக்கு மேல் வைத்தார்.

"இன்றைக்கு உம்மை நிரந்தரமாக்க முடியாது" என்றார். "மண் பார்க்கிறவர் மண் கொண்டுவந்த நாளில் கையெழுத்துப் போட்டால், அந்த அம்மா அடுத்ததாக என்னைப் பற்றித்தான் எழுதுவார். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம். போகும்போது சொல்லிக்கொண்டு போம்."

"போட்டு வாறன், சேர்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வசந்திக்கு எடுத்தேன். பொய் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவள் "கடிதம் வந்திட்டுதோ?" என்றதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"மண்ணோ?" என்றாள்.

"ஓம்."

"மண் பாக்கிற வேலைக்கு மண்ணைக் கொண்டு போனனீங்களோ?"

"ஊர் மண்ணப்பா."

"ஆரின்ர ஊர்?"

"அது... ஒருத்தரின்ர ஊரும் இல்லை."

அதற்குப் பிறகு அட்டை முடியும்வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அட்டையில் பதினொரு நிமிடம் இருந்தது. நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பின்னால் மாமி வீட்டுச் சமையலறையில் குக்கர் விசிலடித்தது மட்டும் கேட்டது.

அந்த மூன்று மாதமும் நான் மண் பார்த்த மாதிரி உலகத்தில் ஒருவனும் மண் பார்த்திருக்கமாட்டான். பலெட்டுக்கு அடியில் படுத்தே கிடந்தேன். சந்தேகமான தூசிக்குக்கூட மஞ்சள் அட்டை குத்தினேன். அந்தப் பரிசோதகர் அம்மா வாரத்துக்கு மூன்று தரம் வந்துபோனார். கடைசியில் அவரே மிஸ்டர் ஸ்டைன்பாக்கிடம், "இவரைத் தயவுசெய்து நிரந்தரமாக்கிவிடுங்கள், எனக்கு வேறு வேலையும் இருக்கிறது" என்றாராம். நவம்பரில் கடிதம் கிடைத்தது. நாலே வரி. மூன்றாவது வரி: "மண் விஷயத்தில் இவரைவிடக் கவனமானவர் எங்களிடம் இல்லை." படிவம் நிரப்புகிற மனிதர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "உவர் என்ன, உம்மைத் தோட்டத்துக்கோ வைச்சிருக்கிறார்?" என்று கேட்டார். பச்சை உறை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

மொன்றியலில் அப்போது எங்கள் ஆட்களுக்குள் மூன்று நேசன்கள் இருந்தார்கள். கடை நேசன், புரோசார்டில் இருக்கிற மொட்டை நேசன், நான். இரத்தினம் அண்ணையின் புண்ணியத்தில் எனக்கு ஸ்டைன்பாக் நேசன் என்று பெயர் விழுந்தது. கல்யாண வீட்டுக் கார்டில்கூட அடைப்புக்குறிக்குள் அப்படி எழுதி வருகிறது. பின்னாளில் அக்கா குடும்பமும் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஸ்டைன்பாக் என்று உலகத்தில் உள்ள எந்த ஊரிலும் நான் இதுவரை காலடி வைத்ததில்லை.

அடுத்த வருடக் கடைசியில் வசந்தி வந்தாள். டோர்வல் விமான நிலையத்தில் நானும் இரத்தினம் அண்ணையும் பூங்கொத்தோடு நின்றோம். (பூ மட்டும்தான். அண்ணை என் சட்டைப் பையையும் ஒருக்காத் தடவிப் பாத்தவர்.) எல்லாரும் வெளியே வந்து முடிந்தும் அவளைக் காணவில்லை. கடைசி ஆளாக, மெல்லிய செருப்பும் எனக்காக வாங்கிய பெரிய குளிர் ஜாக்கெட்டுமாக, சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடமாகத் தொலைபேசியில் கேட்ட குரல் ஒரு கை தூரத்தில் நின்றது. என்ன சொல்வதென்று நான் எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தேன். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"உள்ளுக்க மண் கிண் கொண்டு வந்தனீங்களோ எண்டு கேட்டவை. ஒண்டும் இல்லை எண்டு சொன்னன். செருப்பைத் தட்டிப்போட்டுத்தான் பிளேன் ஏறினனான். பேந்தும் உள்ளுக்க நிண்டு ஒருக்காத் தட்டினன். உங்கட வேலைக்கு ஒண்டும் வரக்கூடாதெல்லே."

நான் அழுதுவிட்டேன். அவள் சிரித்தாள். இரத்தினம் அண்ணை பூங்கொத்தை என்னிடமிருந்து பறித்து அவள் கையில் கொடுத்தார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும், என் மகள் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தமிழில் நாலு வசனம்தான் ஒழுங்காக வரும். அதில் ஒன்று, "செருப்பைத் தட்டினீங்களோ?" வந்தவர்கள் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நானும் தட்டுவேன்.